பெண் கேட்டு உழைத்தவன்

இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. உள்ளே வந்ததும் என் மனதில் ஓடியது இதுதான். நீங்கள் இப்போது இருக்கிற இந்தப் பாதிரியார் வீட்டு நாற்காலிகளை வருஷக்கணக்காகத் துடைத்திருக்கிறேன், தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பளபளக்க வைத்திருக்கிறேன். உட்கார்ந்ததில்லை. அந்த ஸ்பானியர் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. அமெரிக்கர் நீங்கள் சொன்னீர்கள், கேப்டன். அதற்கு நன்றி.

கேட்டதைச் சொல்கிறேன். உங்கள் துபாஷி லியோன்சியோ மணிலாக்காரர், எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்குக் கொஞ்சம் வேகம். அதனால் நிதானமாகவே பேசுகிறேன். நடுவில் அவர் எதையாவது பூசி மெழுகினால் எனக்குத் தெரியப்போவதில்லை. மெழுகும்படி இதில் ஒன்றும் இல்லை.

முதலில் சிரியாகோவைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் சிப்பாய்களை மீன்குளத்தின் குறுக்கே கூட்டிக்கொண்டு போய், அவர்களோடு தானும் செத்தவன். அவன் யார், எந்தப் படையைச் சேர்ந்தவன் என்றீர்கள். எந்தப் படையையும் சேர்ந்தவனில்லை. என் வீட்டைச் சேர்ந்தவன். என் மகள் அன்செல்மாவைப் பெண் கேட்டு வந்து, எங்கள் வீட்டில் ஊழியம் செய்துகொண்டிருந்தவன்.

எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. பெண் வேண்டும் என்றால் பெண் வீட்டுக்கு உழைக்க வேண்டும். தண்ணீர் எடுப்பான், விறகு பிளப்பான், நெல் குத்துவான், கூரை ஓலை மாற்றுவான். கூலி கிடையாது. பெண்ணோடு தனியாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. பெண்ணைப் பெற்றவள் ஒரு வேலை சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது. போதும் என்று அவள் சொல்கிற நாளில் கல்யாணம். யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் உழைத்த கதையை நீங்கள் இப்போது நினைவுபடுத்தினீர்கள். எனக்கும் தெரியும், பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஏழு முடிந்ததும் மாமனார் இன்னும் ஏழு கேட்டார். அந்த மாமனாரைக் குறை சொல்லி எந்தப் பாதிரியாரும் பேசி நான் கேட்டதில்லை.

சிரியாகோ நல்ல உழைப்பாளி. மேட்டு நாட்டான், மலையடிவார நெல்வயல்காரன். முன்பு மணிலா துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறான். அங்கே உங்கள் பாஷை நாலு வார்த்தை ஒட்டிக்கொண்டது. கடலும் ஆறும் கலக்கிற எங்கள் சேற்றுப் பூமி அவனுக்குப் புதிது. வந்த புதிதில் கரையில் வழுக்கி வழுக்கி விழுவான். ஊரே சிரிக்கும்.

"என்ன சிரியாகோ, இன்னும் குடத்தைக் கீழ வெக்கலியா?" என்பாள் எதிர்வீட்டு மாக்சிமா. "அந்த அம்மா உன்னைப் பேரன் எடுக்கிற வயசு வரைக்கும் சுமக்க விடுவா பாரு."

"பேரன் எடுக்கணும்னா மொதல்ல கல்யாணம் ஆகணும் இல்லக்கா? அதுக்குத்தான் சுமக்கறேன்" என்பான் அவன்.

என்னை 'இனாங்' என்றுதான் கூப்பிடுவான். எங்கள் பேச்சில் அம்மா என்று அர்த்தம். அன்செல்மாவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். இரண்டு குரலும் ஒரே சொல்லைச் சொல்லும்போது சில நேரம் யார் கூப்பிட்டார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

என் புருஷனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும். ஸ்பானியனை நிலத்தில் நாங்கள் வளைத்திருந்தோம், கடலில் நீங்கள். சேர்ந்து பிடிப்போம் என்றீர்கள். என் புருஷன் மணிலா மதிலுக்கு எதிரே பதுங்குகுழியில் மழைக்காலம் முழுக்கக் கிடந்தார். நகரம் விழுந்த அன்று நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். எங்கள் ஆட்கள் வெளியே ஈரத்தில் நின்றார்கள். அவர் அங்கேயே காய்ச்சலில் போனார். அப்புறம் ஸ்பானியன், தன் கையை விட்டுப் போய்விட்ட எங்கள் நாட்டை, ஏதோ வீட்டை விற்கிற மாதிரி உங்களுக்கு விற்றான். நீங்களும் வாங்கினீர்கள். வீட்டில் ஆள் இருக்கிறதா என்று ஒரு குரல் கொடுத்துப் பார்க்கவில்லை. இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபம் என்றால் அது அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

மணிலாவுக்கு வெளியே ஒரு பாலத்தடியில் உங்கள் காவல்காரன் சுட்டு, சண்டை தொடங்கிய செய்தி வந்தபோது சிரியாகோ கூரை மேல் இருந்தான். இறங்கி வந்து, படையில் சேரப் போகிறேன், அனுமதி கொடுங்கள் என்றான்.

"ஊழியம் முடியல" என்றேன்.

"முடிஞ்சதுன்னு நீங்க சொன்னா முடிஞ்சது, இனாங்."

"பெரிய குளத்து மதகு ஒழுகுது. அதை யாரு பாக்கறது?"

அவன் மதகைப் பார்த்தான். பழைய பலகையை எடுத்துவிட்டு நல்ல மரத்தில் புதிதாகச் செய்தான். கயிறு, உருளை எல்லாம் புதிது. ஒரு பெண்பிள்ளை ஒற்றையாளாக இழுத்தால்கூட மேலே வரும்படி அமைத்தான். "உங்களுக்கு இடுப்பு வலி இருக்குல்ல" என்றான். அது முடிந்தபோது அவன் தகப்பனார் ஆள் அனுப்பியிருந்தார். ஊழியம் போதும், ஈஸ்டர் கழிந்து கல்யாணத்தை முடித்துக்கொண்டு பெண்ணை மேட்டு ஊருக்கு அனுப்புங்கள் என்று. வந்த ஆளுக்குச் சாப்பாடு போட்டேன். பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அன்செல்மா வெகுநேரம் தன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிறதுக்கு அவளிடம் அவ்வளவு துணி கிடையாது.

பிறகு நீங்கள் வந்தீர்கள். எங்கள் படை ஊர்ப் பாலத்தைக் கொளுத்திவிட்டு வடக்கே போய்விட்டது. ஊரில் முக்கால்வாசிப் பேர் படகேறிவிட்டார்கள். நான் போகவில்லை. என் வீட்டை விட்டு நான் எதற்குப் போக வேண்டும்? நான் போகாததால் அன்செல்மா போகவில்லை. அவள் போகாததால் அவன் போகவில்லை.

உங்கள் சிப்பாய்கள் கிணற்றடியில் அவனைப் பிடித்தார்கள், குடத்தோடு. பாலம் இல்லாமல் ரயில் பாதைக்குப் போய்ச் சேர வழி உண்டா, காலையில் வந்து காட்டு என்று சொல்லி அனுப்பினார்கள். உடனே என்னிடம்தான் வந்தான். வேறு யாரிடம் போவான்?

"இனாங், இருட்டினதும் ஓடிடறேன். அன்செல்மாவக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க. எங்க ஊரு மேட்டுல இருக்கு, அங்க இவனுங்க வர்றதுக்கு நாளாகும்."

"கூட்டிட்டுப் போறியா?"

"மூணு பேரும்தான் இனாங்."

மூன்று பேர் என்றுதான் சொன்னான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் என் காதில் விழுந்தது முதலில் சொன்னதுதான்.

"ஓடினா வீட்டக் கொளுத்துவாங்க" என்றேன். "பெரிய குளம் காஞ்சு கெடக்குது. குறுக்கால கூட்டிட்டுப் போ. எதிர்க்கரை நாவல் மரத்த நேராப் பாத்து நட."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் மீன்குளத்தை வடிய விட்டு, அடித்தரை வெடிக்கும்வரை காயப்போடுவோம். அப்புறம் தண்ணீர் விட்டால்தான் பாசி பிடிக்கும், பால்கெண்டைக் குஞ்சுக்குத் தீனி கிடைக்கும். எங்கள் பெரிய குளத்தின் நடுவில், என் மாமனார் காலத்தில் தூர்த்த பழைய ஆற்றுக்கால் ஒன்று ஓடுகிறது. அந்த இடமும் மேலே வெடிக்கும். ஆனால் வெடிப்பு மயிரிழை மாதிரி இருக்கும், மண்ணில் லேசாக எண்ணெய் மினுக்கம் தெரியும். கீழே ஒன்றரை ஆள் ஆழத்துக்குக் கூழ். எங்கள் ஊர்க் குழந்தைகூட அதில் கால் வைக்காது. மேட்டு நாட்டானுக்கு அது தெரியாது. அவன் ஊரில் நிலம் வெடித்தால் பாறை மாதிரி. வண்டி மாடே போகும்.

"தாங்குமா இனாங்?" என்றான். ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து அவன் என்னைக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"வெடிச்சிருக்குல்ல?" என்றேன்.

"ஆமா, நல்லாத்தான் வெடிச்சிருக்கு."

நான் பொய் சொல்லவில்லை. பதிலும் அவனே சொல்லிக்கொண்டான்.

காலையில் அன்செல்மாவை என் நாத்தனார் வீட்டுக்குப் படகில் அனுப்பிவிட்டேன். சிரியாகோ புறப்படுமுன் என் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான். எங்களில் சின்னவர்கள் பெரியவர்களிடம் அப்படித்தான் ஆசி வாங்குவார்கள். கொடுத்தேன். மனதாரத்தான் கொடுத்தேன். நான் மதகடியில் போய், கூடை ஒன்றை மடியில் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தேன். கடல் பொங்குகிற நேரம், ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உங்கள் ஆட்கள் என்னைக் கடந்துதான் போனார்கள். ஒருவன் தொப்பியைத் தூக்கினான். சிவப்பு முடி. நானும் தலையசைத்தேன்.

முன்னால் போனவர்கள் இடுப்பளவு இறங்கியபோது பின்னால் இருந்தவர்கள் ஓடிப்போய் இழுத்தார்கள். இழுத்தவர்களும் இறங்கினார்கள். முதுகில் அத்தனை சுமையைக் கட்டிக்கொண்டு இந்தப் பூமிக்கு ஏன் வந்தார்களோ. நெஞ்சு வரைக்கும் போனதும் சேறு அவர்களை அப்படியே பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் இறங்கவில்லை. அப்படியே விட்டிருந்தால் உங்கள் ஆட்கள் கயிறு போட்டுத் தூக்கியிருப்பார்கள்.

அதனால் பலகையைத் தூக்கினேன்.

பால்கெண்டை வளர முழங்கால் தண்ணீர் போதும். நெஞ்சுவரை புதைந்தவனுக்கும் அது போதும்.

எல்லாருக்கும் முன்னால் புதைந்திருந்த சிரியாகோ திரும்பிப் பார்த்தான். தண்ணீர் வருவதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் கத்தியது உங்கள் ஆட்களில் உயிரோடு கரையேறியவர்களுக்குக் கேட்டிருக்கும், ஆனால் பாஷை புரிந்திருக்காது. என்னை வைதான் என்று அவர்கள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வையவில்லை.

"இனாங், பலகை நழுவிடுச்சு. நான்தான் சரியாப் பூட்டல போல. தள்ளி நில்லுங்க, உங்கள அடிச்சிட்டுப் போயிடும்."

நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கனமே தெரியவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தான்.

அவனிடம் ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். அவன் முகத்தில் ஒன்றும் தங்காது. ஒரு பொய்யை அந்த முகம் குளக்கரைவரை சுமந்து போயிருக்காது. சொல்லியிருந்தால் சம்மதித்தே போயிருப்பான் என்கிறார் லியோன்சியோ. இருக்கலாம், தைரியசாலிதான். கரையில் நின்றபடியே கைகாட்டச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதையும் யோசித்தேன். வழிகாட்டி முன்னால் நடக்காவிட்டால் உங்களுக்குச் சந்தேகம் வரும். வேறு காரணம் எதுவும் இல்லை. அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நாடு பிள்ளைகளைக் கேட்கிறபோது, பெற்றவர்கள் கணக்குப் பார்க்கக் கூடாது. படையில் சேரத்தான் அவன் ஆசைப்பட்டான். சேர்ந்த மாதிரிதான் இது.

லியோன்சியோ இப்போது உங்களுக்காகப் பேசவில்லை, தானாகவே என்னிடம் ஏதோ சொல்கிறார். அதையும் விடாமல் உங்களுக்குச் சொல்லும்படி அவரிடமே சொல்கிறேன், கேளுங்கள்.

"கித்தேரியா அம்மா, யாராவது ஒரு அதிகாரி பேரச் சொல்லுங்க. செத்துப்போனவர் பேரா இருந்தாக்கூடப் போதும். அவர் மிரட்டினார், செஞ்சேன்னு சொல்லுங்க. பொம்பளையத் தூக்குல போட இவருக்கும் இஷ்டமில்ல."

"அப்படி யாரும் வரலயே, தம்பி."

"வந்தாங்கன்னு சொல்லுங்கங்கறேன். நீங்க என்ன, பிடிவாதத்துல பொறந்தவங்களா?"

"எங்க ஊருல எல்லாரும் அப்படித்தான். நீங்க மணிலாவுலயே ரொம்ப நாளா இருந்துட்டீங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெளிய உங்க பொண்ணு நிக்குது. காலையிலேர்ந்து வெயில்ல நிக்குது. கூப்பிட்டா உள்ள வர மாட்டேங்குது. 'யாரோ சொல்லித்தான் எங்கம்மா செஞ்சாங்கன்னு அவங்க வாயால ஒரே ஒரு தடவ சொல்லட்டும், அப்ப வந்து பாக்கறேன்'ங்குது. அதுக்காகவாவது சொல்லுங்களேன்."

ஆக, கேப்டன், நீங்களும் என் மகளும் கேட்பது ஒன்றுதான். என் செயலுக்கு வேறு யாரோ சொந்தக்காரன் வேண்டும் என்கிறீர்கள். எங்கள் நாட்டுக்கே அப்படி ஒரு சொந்தக்காரனைத் தேடிக் கொடுத்தவர்கள் நீங்கள். என்னிடம் அது நடக்காது. எந்த அதிகாரியும் என் வீட்டுப் படி ஏறவில்லை. மதகு என்னுடையது, தண்ணீர் ஆற்றினுடையது, யோசனை என்னுடையது. இதில் ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னாலும் மாற்ற மாட்டேன்.

லியோன்சியோ, அவளிடம் போய்ச் சொல்லுங்கள். அவள் கேட்கிற வார்த்தையை அம்மா சொல்ல மாட்டாள் என்று சொல்லுங்கள். வெயிலில் நிற்க வேண்டாம், மரமோ சுவரோ நிழலாகப் பார்த்து நிற்கட்டும். இன்றைக்கு வராவிட்டால் பரவாயில்லை, நாளைக்கு வருவாள். அவளுக்கு இனிமேல் போவதற்கு வேறு வீடு கிடையாது.