ஸுல்பிகா எழுதிய எச்சரிக்கையை வெட்டியவர் யார்?

அஸ்ஸலாமு அலைக்கும். மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் முபாறக் அவர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, முன்வரிசையில் இருக்கும் ஸுல்பிகாவின் உம்மாவே! நான் ஷரிபுதீன். காலஞ்சென்ற மர்ஹூமா ஸுல்பிகாவோடு ஒரே பிரிவில் வேலை செய்தவன். எனக்கு முன் பேசிய தலைவர் அவரை நிறுவனத்தின் பொக்கிஷம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆகவே இனிப்பாகப் பேச என்னால் முடியாது.

ஸுல்பிகா செய்த வேலை என்ன? பெரிய கணினிக்குள் பல செயலிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நினைவகம் இருக்கும். எந்தத் தரவு எந்தச் செயலிக்கு அருகே இருக்க வேண்டும் என்று பிணைத்து வைக்கும் கட்டளைகளை எங்கள் நிரல் நூலகம் தருகிறது. அவற்றுக்கு விளக்கம் எழுதியவர் அவர். புதிதாக வருகிறவர்களுக்குக் கலியாண வீட்டில் பலர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டை வைத்தே புரியவைப்பார். "கறி நம்மட சஹன்ல இருந்தாத்தான் கை எட்டும். அடுத்த சஹன்ல இருந்தா எட்டி எட்டித்தான் தின்னணும்" என்பார்.

ஓடவிட்டுப் பார்க்காமல் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. அப்படிப் பார்த்துத்தான் அந்த எச்சரிக்கையை எழுதினார். பிணைக்கும் கட்டளை கொடுத்தால் 'வெற்றி' என்று பதில் வரும். ஆனால் முன்பே எழுதிவிட்ட தரவு பழைய இடத்திலேயே கிடக்கும். அதையும் நகர்த்தச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். ஆளை வேறு சஹனுக்கு மாற்றினால், பரிமாறிய கறி எழுந்து பின்னால் நடந்து வருமா?

அந்த எச்சரிக்கை எங்கே போனது? வெளியிடும் முன் வெட்டப்பட்டது. வாடிக்கையாளர் பயந்துவிடுவார்களாம்! பிறகு என்ன நடந்தது? எங்கள் நூலகத்தை நம்பி, தரவை நகர்த்தக் கேட்காமல் விட்ட வெள்ளக் கணிப்பு நிரல் ஒன்று, தூரத்துத் தரவை எட்டி எட்டி எடுத்து ஆமையாய் ஊர்ந்தது. விளக்கம் பிழை என்று ஸுல்பிகாவின் பெயர் போட்டு எல்லோருக்கும் மின்னஞ்சல் போனது. வெட்டியவர் பெயர் அதில் இல்லை.

நோயில் படுத்திருந்தபோதும், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றழைக்கும் அவர் கேட்டது ஒன்றைத்தான். "காக்கா, அந்த வரியத் திரும்பப் போட்டாங்களா?" பார்க்கப் போகும்போதெல்லாம் இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது.

ஜனாஸா அடக்கத்தன்று உம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "மகன், என்ட புள்ள பிழையா எழுதினதாலதானா அந்தக் கரச்சல் எல்லாம்?" மௌத்து வீட்டில் ஒரு தாய் கேட்க வேண்டிய கேள்வியா இது?

தலைவர் அவர்களே, பொக்கிஷம் என்ற சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நானும், ஸுல்பிகாவின் பணியை ஏற்றிருக்கும் இன்ஷாபும் அந்த எச்சரிக்கை சொல்வதை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தோம். ஓர் எழுத்தும் மாற்றாமல் அவர் பெயரோடு அதை விளக்கத்தில் சேர்த்துவிட்டோம். மிச்சக் கட்டளைகளுக்கும் அவர் வழியிலேயே, ஓடவிட்டுப் பார்த்தே எழுதுவோம். இனி வெட்டுகிறவர் இந்தச் சபைக்கு முன்னால் வந்து வெட்டட்டும்.

அல்லாஹ் அவர் அடங்கியிருக்கும் கப்றை விசாலமாக்குவானாக.

உம்மா, அண்டைக்கு நீங்க கேட்டதுக்கு இந்த மைக்கிலயே பதில் சொல்றன். உங்கட புள்ள சரியாத்தான் எழுதினா. வெட்டினவர் இந்த மேடையிலதான் இருக்கார்.