கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்

அந்த விசிறியைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா, சார்? கடகடவென்று ஓடினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. நன்றி. இனி நிதானமாகச் சொல்கிறேன்.

நிலக்கரி ஆய்வகத்தில் எனக்குப் பத்தொன்பது வருடம். சுரங்கத்திலிருந்து வரும் கரியைக் கழுவினால் எவ்வளவு தேறும், அதை எந்தக் கரியோடு கலக்கலாம் என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. கரியை உடைத்துக் கனமான ஒரு திரவத்தில் போட்டால் நல்லது மிதக்கும், கல் அடியில் போய்விடும். அதைச் செய்தவர் என் தங்கை கணவர். வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். "மிதக்கிறதெல்லாம் எங்க வீட்டு ஆளுங்க, முங்குறதெல்லாம் உங்க வீடு, மச்சான்" என்று கேலி செய்வார். மிதந்ததை எரித்து, மிஞ்சும் சாம்பலை எடை போடுவது நான். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு.

போன மாதம் என் முடிவும் வெளி ஆய்வகத்தின் முடிவும் அரை சதவீதம் வேறுபட்டன. "வயசாயிடுச்சு போல" என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. மாப்பிள்ளையின் அறையில் ஆவியை வெளியே தள்ளும் விசிறி ஓடினால், என் தராசில் கடைசி எண் நிற்காமல் தத்தளிக்கிறது. விசிறியின் வயரைக் கழற்றிவிட்டேன். அந்த ஆவி ஆளைச் சாய்க்கும் என்று திரவ டப்பாவிலேயே எழுதியிருந்தது. படித்திருந்தேன்.

"மச்சான், தலை கிறுகிறுங்குது. ஃபேன் எப்ப சரியாகும்?"

"ஆள வரச் சொல்லியிருக்கேன் மாப்பிள்ளை. இந்த வேலைய முடிச்சிடுங்க."

யாரையும் வரச் சொல்லவில்லை.

அன்று மதியம் அவர் மேசையைப் பிடித்தபடி மெல்லச் சரிந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன். கை கதவை நோக்கி நீண்டது. எனக்கும் பதைபதைப்புதான், நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரன் இல்லை. ஆனால் சாம்பல் கிண்ணம் தராசில் இருந்தது. கதவைத் திறந்தால் காற்று வரும். எண் நிற்கட்டும் என்று இருந்தேன். நின்றது, குறித்துக்கொண்டேன். இன்னும் மூன்று கிண்ணம்தானே என்று அவற்றையும் போட்டுப் பார்த்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அப்புறம் ஓடிப்போய்த் திறந்தேன், சார். ஓடித்தான் போனேன். அதற்குள் மூச்சு அடங்கியிருந்தது.

தங்கை என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அன்றைய நான்கு கிண்ணத்தின் முடிவும் வெளி ஆய்வகத்தோடு அப்படியே ஒத்துப்போயின. அவள் புருஷன் வேலையில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது.