இருமலுக்கு மைசூர் பாக்

மெட்ரோ ஸ்டேஷனில் லிப்ட்டுக்காகக் காத்திருந்தோம். எனக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒருவர். அதைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி.

“ஏம்மா, மேல் வீட்டம்மாவுக்கு எதுக்கு மைசூர் பாக் குடுத்தே?” என்று அவர் கேட்டதும் என் காது அந்தப் பக்கம் போய்விட்டது.

“நீங்க இருமுறதுல தூக்கமே போச்சுன்னு சண்டைக்கு வந்தாங்க.”

“சண்டைக்கு வந்தா ஸ்வீட்டா?”

“பின்னே? கழுத்துல அடிபட்டு ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்தப்போ, நீங்க இருமுனா பக்கத்துல படுத்திருந்த எனக்கே கேக்காது. சளியை வெளிய தள்ளப் பலமில்லாம ரெண்டு தடவை ஐசியூ போனோம். இப்போ மாடிக்கே கேக்குதாம். எனக்கு எப்படி இருக்கும்?”

“எல்லாம் அந்த மூச்சுப் பயிற்சிக் குழாய்தான். நேத்து பிசியோ மேடம் அதை இன்னும் டைட் பண்ணிட்டாங்க. ஸ்ட்ரா போட்டு இட்லி மாவு உறிஞ்சுற மாதிரி இருக்கு.”

“உறிஞ்சுங்க. அந்தம்மா மறுபடி சண்டைக்கு வரணும்.”

லிப்ட் வந்தது. கால் நன்றாக இருக்கிற நாங்கள் எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் நிரம்பி, அவரவர் போனைப் பார்க்க ஆரம்பித்தோம்.

“ஸ்வல்ப ஜருகி!”

நகரச் சொல்லி அவர் கன்னடத்தில் போட்ட சத்தத்தில் பாதிப் பேர் வெளியே வந்துவிட்டோம். டிக்கெட் கவுன்ட்டர் வரை தலைகள் திரும்பின.

அந்த அம்மா திரும்பிய தலைகளை எல்லாம் ஒருமுறை பார்த்தார்.

“இத்தனை பேருக்கு மைசூர் பாக்குக்கு நான் எங்க போவேன்?”