படுக்கட்டோ, பிள்ளை?

கதைப்பது நின்றால் இவரும் நின்றுவிடுவார். நிற்க விடக்கூடாது...

இதையே மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கமலாட்சி சைக்கிளை மிதித்தாள். இரவு ஒன்பதரை மணி. வற்றாப்பளைக்கு அப்பால், கடலேரியை ஒட்டிய தெரு. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாரி. ஒரு வீடில்லை, ஒரு வெளிச்சமில்லை.

கமலாட்சி வேறு யாருமல்ல, இதை எனக்குச் சொன்ன நிறஞ்சனாவின் பெரியம்மா. ஊர் மருந்துச்சாலையில் காயங்களுக்கு மருந்து கட்டுகிறவள். பின் கரியரில் இருந்தது அவளுடைய புருஷன் சிவராசா. பின்னேரம் கூரைக்குக் கிடுகு வேயும்போது வழுக்கி விழுந்து, காதுக்கு மேலே கல்லில் அடிபட்டவர். உடனே எழும்பிவிட்டார். தேத்தண்ணீர் குடித்தார். கூரைக்குத் தன்னில் ஏதோ கோபம் என்று பகிடியும் விட்டார். ஒரு சொட்டு இரத்தம் வெளியே வரவில்லை. இருட்டியதும் தலை வெடிக்குது என்றார். சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தார். பிறகு, நித்திரை வருகுது என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் கமலாட்சி சைக்கிளை வெளியே எடுத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அதே ஊர் இளையதம்பியும் இப்படித்தான். தேங்காய் விழுந்த தலையில் ஈரக் கோப்பித்தூளை அப்பிக்கொண்டு, சிரித்தபடி மருந்துச்சாலைக்கு நடந்து வந்தார். இரத்தமில்லை. ஒன்றுமில்லை அண்ணை, போய்ப் படுங்கோ என்று அனுப்பியது அவள்தான். படுத்தவர் எழும்பவில்லை. மண்டை ஓட்டுக்குள்ளே ஒரு இரத்தக் குழாய் கிழிந்து, கசிந்து கசிந்து மூளையை நெரித்திருக்கிறது. அது நிறையும்வரை ஆள் நன்றாகத்தான் கதைப்பார் என்று டொக்டர் பிறகு விளங்கப்படுத்தினார். ஊரில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்திருப்பாள்.

அதனால்தான் சிவராசாவின் இரண்டு கைகளையும் தன் இடுப்பைச் சுற்றி இழுத்து, சால்வையால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கேள்விக்கு மேல் கேள்வி.

"இஞ்சருங்கோ, எங்கட சிவப்பிப் பசு எப்ப கண்டு போட்டது?"

"தைப்பூசத்துக்கு..."

அடுத்த கேள்விக்குப் பாதிப் பதில். அதற்கடுத்ததற்கு ஒரு முனகல். பிறகு அவருடைய தலை அவள் முதுகில் விழுந்தது.

செயின்... கறக்... கறக்... தவளைகள்கூட நின்றுவிட்டன.

அப்போதுதான் மணத்தது. கோப்பித்தூள். ஈரமான கோப்பித்தூள்.

சைக்கிள் கனத்தது. இன்னொருவர் ஏறியதுபோல.

"பிள்ளை... கொஞ்சம் படுக்கட்டோ?"

சிவராசா ஒருநாளும் அவளைப் பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. குனிந்து பார்த்தாள். கட்டிய கைகள் இரண்டும் இடுப்பில்தான் இருந்தன. தோளில் ஒரு கை மெல்லத் தட்டியது.

"நீதானே படுக்கச் சொன்னனி?"

பயத்துக்கு முன்னால் தனக்கு வெட்கம்தான் வந்தது என்று பின்னாளில் நிறஞ்சனாவிடம் சொன்னாளாம். இந்தக் கேள்வி எப்போதோ வரும் என்று தெரிந்திருந்ததுபோல. அவள் திரும்பவில்லை. மிதித்தாள்... மிதித்தாள்...

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு லாம்பு எரிந்தது. சால்வையை வெட்டி, சிவராசாவை உள்ளே தூக்கிப் போனார்கள். மூச்சு இருக்கிறது, உடனே மண்டையில் துளை போட்டு இரத்தத்தை எடுக்க வேண்டும், நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டொக்டர். கமலாட்சி சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

வாசலுக்குப் போய்வந்த இளம் தாதி அவளிடம் குனிந்தாள்.

"அக்கா, உங்களோடை வந்த ஐயா வெளி வாங்கிலை குந்தியிருக்கிறார். தலையிலை என்னவோ அப்பியிருக்கு. தான் இனிப் படுக்கலாமோ எண்டு உங்களைக் கேட்டுக்கொண்டு வரட்டாம்."

கமலாட்சி வாசல் பக்கம் பார்க்கவில்லை.

"படுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ, தங்கச்சி," என்றாள் மெதுவாக.