ஜெனிஷாவின் குழாய்க்கிணறு

— அப்ப கிணத்தைப் பூட்டிப்போட்டீரோ, அஜந்தினி? அதை மட்டும் சொல்லும்.

— பூட்டேல்லை. இருங்கோ, கார்ச் சீற்றைக் கொஞ்சம் பின்னுக்குச் சரிக்கிறன். தன்சானியாவிலை பிளேன் ஏறி டென்மார்க்கிலை, பில்லுண்டிலை இறங்கும்வரைக்கும் ஒரே இருப்பு. முதுகு முறியுது.

— சரியும், சரியும். நானும் வேலை முடிஞ்ச கையோடை நேரே வந்தனான். காத்தாலைச் சிறகுக்குப் பூசுற பசை இன்னும் கையிலை மணக்குது. வீட்டை சோறு கிடக்கு, மீன் பொரிக்க ஏலாமல் போச்சு.

— எனக்கொண்டும் வேண்டாம், சுஜி. படுத்தாப் போதும்.

— பூட்டேல்லையெண்டா, தண்ணி நல்லமோ?

— நல்லமில்லை. புளோரைட். ஆழத்துப் பாறையிலயிருந்து ஊறி வருது. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

— அது எங்கட பற்பசையிலையும்தானே கிடக்கு!

— பற்பசையை நாங்கள் துப்புறம். அந்த ஊர்ப் பிள்ளையள் விடிஞ்சாப் பொழுதுபட்டா அதைத்தானே குடிக்குதுகள். பல்லெல்லாம் மண்ணிறம். றெஹேமாவின்ரை கடைசிப் பெட்டைப்பிள்ளை கிணறு வந்தாப்பிறகு பிறந்தது, அதுக்குக் கால் வளையத் தொடங்கீட்டுது. றெஹேமா ஆரெண்டு தெரியுமெல்லே? அங்கத்தைத் தண்ணிக்குழுத் தலைவி. திறப்புவிழா வீடியோவிலை உங்களுக்குக் கை காட்டினவ.

— கிணறு அடிக்கேக்கை சோதிக்கேல்லையோ?

— கிருமிக்குச் சோதிச்சவை. இதுக்கு ஒருத்தரும் பாக்கேல்லை.

— என்னண்டு பாக்காமல் விடுறது? எங்கட ஜெனிஷாவின்ரை செத்தவீட்டிலை, பூ வேண்டாம், அந்தக் காசைக் கிணத்துக்குத் தாங்கோ எண்டு நான்தான் கோயிலிலை எழும்பிக் கேட்டனான். ஏழு வயசிலை போனவள். அவளின்ரை பேர் உலகத்திலை ஒரு மூலையிலையாவது இருக்கட்டும் எண்டு.

— தெரியும்.

— இரத்தப் புத்துநோய் எங்களுக்குச் செய்தது காணாது. இப்ப அவளின்ரை பேரிலை ஊர்ப்பிள்ளையளுக்கும் நோய்.

— அப்பிடிக் கதையாதேங்கோ. அதுக்கு முதல் அதுகள் ஆத்துத் தண்ணியைக் குடிச்சு வயித்தாலடியிலை செத்ததுகள். கிணறு வந்தாப்பிறகு அது நிண்டுது. அதுவும் உண்மை, இதுவும் உண்மை. நான் போய் நிண்டு, இனி இதைக் குடியாதேங்கோ எண்டு சொல்ல, ஒரு மனிசி கேக்கிறா: ‘ஆறு குடலைத் தின்னுது, கிணறு எலும்பைத் தின்னுது, நாங்கள் எதைக் குடிக்க?’

— என்ன சொன்னீர்?

— நகரசபையிலை லீவு எடுத்துக்கொண்டு போன நேர்ஸ் நான், மழையைக் கொண்டு வரவோ? பிறகு பள்ளிக்கூடக் கூரையோடை தண்ணித் தாங்கி கட்டுவிச்சம். குடிக்க, சமைக்க மழைத்தண்ணி. தோய, குளிக்கக் கிணறு. ஆரும் மாறிக் குடியாமல் இருக்கக் கிணத்துக்குச் சிவப்புப் பெயின்ற் அடிச்சம்.

— சிவப்போ? அப்ப பேர்ப்பலகை?

— அதிலைதான் கிடக்கு. பேரும், பிறந்த வருசமும், செத்த வருசமும்.

— விசரோ உமக்கு! நஞ்செண்டு சிவப்பை அடிச்சுப்போட்டு, அதுக்கு மேலை என்ரை பிள்ளையின்ரை பேரோ? சேமக்காலையிலை புதைகுழிக்கு மேலை நட்ட பலகை மாதிரி!

— மெதுவா ஓடுங்கோ. இந்த றோட்டிலை மான் பாயும்.

— மானும் மண்ணாங்கட்டியும். பெத்த தாய் நீர், கழட்டியிருக்கலாமெல்லே? நாலு ஆணிதானே!

— கழட்டத்தான் போனன். றெஹேமா கையைப் பிடிச்சிட்டா.

— ஏனாம்?

— கேளுங்கோவன். சிவப்பு அடிச்சும் பிள்ளையள் விடேல்லை. தாங்கித் தண்ணியிலை தகர மணம், கிணத்துத் தண்ணி குளிர். பள்ளிக்கூடம் விட்ட உடனை ஓடிவந்து நேரே பைப்பிலை வாயை வைக்குங்கள். தாய்மார் அடிச்சும் பாத்தினம். நான் படம் கீறிக் காட்டினன். வளைஞ்ச காலைக் காட்டினன். தொண்டை வத்தக் கத்தினன். ஒண்டும் ஏறேல்லை. இனி என்னாலை ஏலாது எண்டு பெட்டியை அடுக்கிப்போட்டன், சுஜி.

— அப்பவே வந்திருக்கலாம். நானும் இஞ்சை தனிய எவ்வளவு காலத்துக்கு அந்த வீட்டுக்குள்ளை கிடக்கிறது?

— வந்திருப்பன். ஆனா ஒரு நாள் பாத்தா, கிணத்தடியிலை பெண்டுகள் உடுப்புத் தோய்க்கினம், ஒரு பிள்ளையும் கிட்ட வரேல்லை. அடுத்த நாளும் வரேல்லை. எல்லாம் தாங்கியடியிலை நிரையிலை நிக்குதுகள்.

— நல்லதுதானே. அதுக்கும் பலகைக்கும் என்ன?

— றெஹேமா பலகையைக் காட்டிப் பிள்ளையளுக்குச் சொல்லியிருக்கிறா.

— என்னெண்டு?

— ‘இந்தப் பிள்ளை இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் செத்தது’ எண்டு... ஒரு சின்னன் வந்து என்ரை சட்டையைப் பிடிச்சு, ‘உண்மையோ?’ எண்டு கேட்டுது, சுஜி. நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்.