நாலாவது பக்கத்து வெறுங்கல்

— என்ன ஆர்ச்சி அண்ணே, உங்க புதுச் சர்ச்சுக் கோபுரக் கடிகாரத்துக்கு மூணு முகந்தானா? எங்க தெருப் பக்கம் மட்டும் வெறுங்கல்லா நிக்குது!

— அப்படித்தான் நிக்கும், கிரிசெல். மூப்பருங்க கூடி முடிவு பண்ணியாச்சு. நானும் கை தூக்கினேன். பழைய சர்ச்சுக்காரனுக்கு எங்க கோபுரம் மணி காட்டாது.

— சீ! கடவுளுக்குக் கட்டின கோபுரத்துல இப்படி ஒரு அற்பப் புத்தியா? கேக்கவே குமட்டுது.

— எனக்கும் குமட்டுச்சு, ஜமீன்தார் கைகாட்டின ஆளை நீங்க போதகர்னு ஏத்துக்கிட்டப்போ. அதுலதானே ஸ்காட்லாந்து பூரா சபை ரெண்டா உடைஞ்சுது. கொட்டுற மழையில, கடற்கரையில நின்னு பிரசங்கம் கேட்டோம் நாங்க. இப்பத்தான் கல்லுல கட்டியிருக்கோம்.

— எங்க கோபுரத்தைவிட ஒரு முழம் உசத்தி. அதுக்குத்தானே கட்டினது?

— ஆமாண்டி, ஒளிக்கல. ஒவ்வொரு கல்லும் நான் கொத்தினது. கூர் ஜன்னலைப் பாரு. வண்ணக் கண்ணாடி உண்டா? உங்க சர்ச்சுல மாதிரி ஜமீனுக்குக் கணப்போட தனி மாடி உண்டா? அங்க போதகர் நரகத்தைப் பத்திப் பேசுவாரு, அவன் மேல உக்காந்து கோழி தின்னுவான். தூ!

— தின்னான், வாஸ்தவந்தான். அது எனக்கும் அருவருப்புத்தான். அதுக்குத் தெருச் சனம் என்ன பண்ணும்? நாளைக்குச் சாரம் பிரிச்சிடுவீங்க. அதுக்குள்ள ஒரு முகம் வைக்கச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க.

— உனக்காகவா? கூடப் பொறந்தவளா இருந்தும், நீ அந்தத் தெருவுல வாக்கப்பட்டதுலேர்ந்து உன் வீட்டுல பச்சத் தண்ணி குடிச்சிருக்கேனா? என் மக எஃபியைக்கூட அந்தத் தெருவுல கால் வைக்காதேன்னுதான் வளத்திருக்கேன்.

— எனக்காகக் கேக்கல. புதுசா ஒருத்தி வாழ வரா.

— எந்தக் கூறுகெட்டவன் அந்தத் தெருவுல பொண்ணு குடுத்தான்?

— அவன் குடுக்கல, அவளே வரா. கல்யாண ஓலை எங்கண்ணே வாசிப்பாங்க?

— உங்க சர்ச்சுலதான். எந்தச் சபைக்காரனா இருந்தாலும் அங்கதான் வாசிக்கணும்னு பாழாப்போன சட்டம்.

— மூணு ஞாயிறும் வாசிச்சாச்சு. பையன் ரொட்டிக்கடை லோகன் மகன். பொண்ணு பேரு, அப்பன் பேரு எல்லாம் சத்தமா. ஆட்சேபனை இருந்தா சொல்லலாம்னாங்க. அப்பன் எங்க சர்ச்சு வாசப்படி மிதிச்சிருந்தா காதுல விழுந்திருக்கும்.

— மிதிக்காதவன்னா எங்க ஆளா? எவன்டி அந்த மானங்கெட்டவன்?

— உங்க ஆளுங்கதான் எங்களோட வாய்கூடப் பேசறதில்லையே, யாரு வந்து சொல்லுவா? பொண்ணு சொல்லப் பயந்துட்டா.

— பேரைச் சொல்லு.

— எஃபி.

— என் எஃபியா?

— வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, என் வீட்டுலதான் கல்யாணம். எங்க பக்கம் மணி தெரியாது. நீயாவது பாத்து, நேரத்துக்கு வந்துடுண்ணே.