மருமகன்ட சுருட்டு

ஓம் ஐயா, வெட்டினது நான்தான். இல்லையெண்டு நான் எங்க சொன்னன்? அவர வெளி வாங்கில இருக்கச் சொல்லிப்போட்டு என்னத் தனியக் கேக்கிறது நல்லம். பக்கத்தில இருந்தா வாயத் திறக்க விடமாட்டார்.

மார்கிறட் எண்டு எழுதுங்க. டிலுக்ஷன்ட மாமி. சுருட்டு வெட்டினதுக்கு மாமிய இணக்கசபைக்கு இழுத்த மருமகன் இந்த மட்டக்களப்பில வேற ஆரும் இரிக்காரா, கதிர்காமத்தம்பி ஐயா?

அவர் கட்டார்ல ஹோட்டல் ஒண்டில நிண்டவர். பணக்காரர் இருந்து சுருட்டுப் பிடிக்கிறதுக்கெண்டே அங்க ஒரு அறையாம். அவங்களுக்கு வெட்டிக் குடுக்கிறது இவர்ர வேலை. உழைப்புத்தானே, அத நான் குறை சொல்லல்ல. ஆனா இஞ்ச வந்திறங்கின நாள் தொடக்கம் அந்தப் பணக்காரன் தான்தான் எண்ட நினைப்பு. அரைக் காற்சட்டையோட விறாந்தையில காலுக்கு மேல கால் போட்டுக்கொண்டு வாவியப் பாத்துப் புகை விடுவார்.

நானும் பிடிக்கிறனான். சிரிக்காதீங்க. இறால் உரிக்கிற மனுசிக்கு மூக்குக்கு ஒரு சுருட்டு வேணும். கடைச் சுருட்டுத்தான். நுனியக் கடிச்சுத் துப்பிப்போட்டுப் பத்தவைப்பன். அதக் கண்டிட்டு அவர் முகத்தச் சுழிச்சார். மாமி, பல்லால கடிக்கப்படாதாம். நாகரிகமில்லையாம்.

மறுகா எனக்குப் பாடம் நடந்தது. சுருட்டுக்குத் தலை இரிக்காம். தலையில தொப்பி மாதிரி இலைத்துண்டு ஒண்டு ஒட்டியிருக்காம். அது முடியிற இடத்தில மெல்லிசா ஒரு கோடு தெரியும். சுருட்டு வெட்டுற கட்டர அந்தக் கோட்டுக்கு மேல வைச்சு ஒரே அமத்தா அமத்தோணும். கீழ வெட்டினா சுத்தின இலை முழுக்கக் கழண்டு போகுமாம். புகைய விழுங்கப்படாதாம், வாயில வைச்சு ருசி பாத்திட்டு விடோணுமாம். ஞாயிறு ஞானோபதேச வகுப்பில கூட இவ்வளவு விளக்கம் சொல்லமாட்டாங்க. ஒண்டு பிடிச்சுப் பாத்தன். பொய் என்னத்துக்கு, நல்ல புகைதான். சாயத்தேத்தண்ணி மாதிரி நாக்கில நிண்டுது. அதுக்காக இவ்வளவு எடுப்பா?

இல்ல ஐயா, கோபத்தில வெட்டல்ல. கேளுங்க.

எங்கட வழக்கம் உங்களுக்குத் தெரியும், பொம்புளப் புள்ளைக்குத்தான் வீடு. என்ர மகள் சர்மிலாட கலியாணத்தோட வீட்ட அவள்ர பேருக்கு எழுதிப்போட்டு நான் பின்பக்கம் குசினியோட ஒதுங்கினன். மருமகன் வந்து இரிக்கக் குடுத்த வீடு, விக்கிறதுக்கில்ல. இவர் கொழும்பில இருந்து ஒரு ஹோட்டல்காரர விலைபேசக் கூப்பிட்டிருக்கார். வாவிக்கரைக் காணி, ஆருக்கு ஆசை வராது? கையெழுத்து வைக்கமாட்டன் எண்ட சர்மிலாவ, நீ வாயப் பொத்திக்கொண்டிரு எண்டு அதட்டினது குசினிக்குக் கேட்டது. ஞாயித்துக்கிழமை பேச்ச முடிச்சுக் கைகுடுத்து, சேந்து சுருட்டுப் பிடிக்கிறதெண்டு ஏற்பாடு. அதுக்கெண்டே ஒரு பெட்டி சுருட்டு. மாமி, நீங்க அண்டைக்கு முன்னுக்கு வராதீங்க, உங்கட சுருட்டு நாறும் எண்டார். இவர்ர சுருட்டு மல்லிகைப்பூ.

பெட்டியில கிடந்த எல்லாத்தையும் கோட்டுக்குக் கீழ வெட்டினன். படிப்பிச்ச மாதிரியே, ஒரே அமத்து. மறுகா கோதுமை மாப்பசை தொட்டுத் தலைய ஒட்டி வைச்சன். ஞாயித்துக்கிழமை இவர் பெரிய பவுசா எடுத்து வெட்டிக் குடுக்க, இலை கழண்டு வந்தவர்ர வெள்ளைச் சேட்டெல்லாம் புகையிலைத் தூள். இவர் அவருக்கு முன்னாலயே என்னை ஏசத் தொடங்கினார். நான் விறாந்தைக்கு வந்து, இந்த வீட்டால என்னைப் பெட்டியில வைச்சுத்தான் தூக்கோணும் எண்டன். உள்ளுக்குக் குடியிருக்கிற ஆள் ஒண்டு இரிக்கெண்டு தனக்குச் சொல்லல்லயே எண்டார் வந்தவர். தேத்தண்ணியும் குடிக்காமக் காரில ஏறிட்டார்.

மன்னிப்பா? கேட்டாப் போச்சு. சுருட்டுக்கு மட்டும்.

என்ன? ஓம், பெட்டிய அலுமாரியில பூட்டித்தான் வைச்சிருந்தவர். நான் ஒண்டையும் உடைக்கல்ல. திறப்பு ஒண்டு அவரிட்ட, மற்றது சர்மிலாட்ட. சனிக்கிழமை பின்னேரம் அவள் பெட்டியையும் கட்டரையும் கொண்டுவந்து என்ர மடியில வைச்சாள். நான் வெட்டி முடியுமட்டும் படலையடியில நிண்டு அவர் வாறாரா எண்டு பாத்துக்கொண்டு நிண்டாள்.

இத மட்டும் எழுதாதீங்க ஐயா. இப்ப அவரக் கூப்பிடுங்க.